அக்கா வளர்த்த டிராகன்கள்

நம் வயதுக்காரர்களுக்கு பிரவுசிங் சென்டரின் வாசனை நினைவிருக்கும். சூடேறிய மானிட்டரின் பிளாஸ்டிக் வாடை, தரை விரிப்பின் தூசி, பக்கத்துத் தடுப்பில் யாரோ தின்றுகொண்டிருக்கும் சமோசா. எங்கள் ஆம்பூரில் அதோடு இன்னொன்றும் சேரும். காற்று பாலாற்றுப் பக்கத்திலிருந்து திரும்பினால் தோல் பதனிடும் டேனரிகளின் வாடையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. வெளியூர் உறவினர் யாராவது மூக்கைப் பொத்தும்போதுதான் நமக்கே ஞாபகம் வரும்.

தலைக்குச் சாயம் போடுகிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். இப்போது பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் போனில் அந்த மொத்த சென்டரும் அடங்கிவிடும். ஆனால் அன்றைக்கு அங்கே போய் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுத்து தேய்ந்துபோன கீபோர்டு, பஞ்சு பிய்ந்த ஹெட்போன், கரண்ட் போனதும் கீச்கீச்சென்று கத்தும் யூபிஎஸ். ஒவ்வொரு தடுப்புக்கும் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கும். அந்தத் திரைச்சீலைதான் பெரியவர்களின் கண்ணை உறுத்தியது.

அக்காவின் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை அங்கேதான் பார்த்தோம். நல்ல மார்க். சென்டர் வைத்திருந்த பாய் எங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். "இந்த பொண்ணுக்கு அரை மணி நேரம் என் கணக்குல. இன்னா வேணுமோ பாரு பாப்பா" என்றார். எதைப் பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எதையோ அழுத்தப்போய் எதுவோ திறந்தது. திரையில் ஒரு முட்டை. பழுப்பு நிறத்தில், கீழே கொஞ்சம் வைக்கோலோடு. 'இதற்கு ஒரு பெயர் வை' என்று ஆங்கிலத்தில் கேட்டது. அப்படித்தான் டிராகன்கள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தன.

விளையாட்டு என்று பார்த்தால் அதில் ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. முட்டை பொரியப் பல நாள் ஆகும். குஞ்சு வளரப் பல வாரம். தினமும் மீன் போட வேண்டும். வளர்ந்ததும் ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் விட்டால் முட்டை வைக்கும். குட்டிகளின் உடல் நிறம், இறக்கை நிறம், முதுகு முள், கண் எல்லாம் அப்பன் ஆத்தாளிடமிருந்து வரும். சில குணங்கள் வெளியே தெரியாமல் உள்ளேயே மறைந்து கிடந்து, பேரப்பிள்ளைக்குத் திடீரென்று வரும். ஒவ்வொரு டிராகனுக்கும் அதன் தாத்தா பாட்டி வரை படம் போட்டுக் காட்டும்.

நான் அப்போது ஏழாவது. எனக்கு மீன் போடுவதும் பெயர் வைப்பதும் போதும். அக்கா அப்படியில்லை. ப்ளஸ் ஒன்னில் பயாலஜி எடுத்திருந்தாள். பட்டாணிச் செடிப் பாடம் நடத்துவதற்கு முன்பே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. டீச்சர் போர்டில் கட்டம் போட்ட அன்று, "இது நம்ம சேத்துக்காரி கதைதான்டி" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சொன்னாள். சேத்துக்காரி எங்கள் முதல் டிராகன். சேற்று நிறத்தில், பார்க்க எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு பெண்.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் இருந்தது. சொந்தத்துக்குள் ஜோடி சேர்க்க முடியாது. ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்த இரண்டை ஒரே கூட்டில் விட்டால் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும். எங்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "அத்தை பையன், மாமன் பொண்ணு எல்லாம் இங்க செல்லாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஒருநாள் அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஏன் அப்படி ஒரு சட்டம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். எங்கள் பெரியப்பாவைப் பற்றி அவள் யோசித்தது அதிலிருந்துதான்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தார். டேனரியில், தோலைப் பதப்படுத்தும் பெரிய டிரம்கள் சுழலும் இடத்தில் அவருக்கு வேலை. மற்றவர்கள் அந்த இரைச்சலில் தலைவலி என்று ஓடிவருவார்கள். அவர் நிம்மதியாக நிற்பார். குரோம் டிரம்மிலிருந்து தோல் வெளியே வரும்போது அதற்கு ஒரு நீலம் இருக்கும். வானத்து நீலம் இல்லை, மை நீலமும் இல்லை. சாம்பல் கலந்த, ஈரமான வெளிர்நீலம். அதை எல்லோரும் வெட் ப்ளூ என்பார்கள். பெரியப்பாவின் பூட்ஸிலும் நகக்கண்ணிலும் அந்த நிறம் எப்போதும் இருக்கும். அக்காவுக்கு அந்த நிறத்தில் ஒரு டிராகன் வேண்டும். பிறந்ததும் பெரியப்பாவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

சேத்துக்காரியின் பாட்டி நீலம். அதனால் சேத்துக்காரிக்குள் நீலம் மறைந்திருக்கலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். அதேபோல் மறைத்து வைத்திருக்கும் ஓர் ஆண் வேண்டும். அதுவும் சொந்தமாக இருக்கக் கூடாது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. உலகத்தின் ஏதோ மூலையில், பனி பெய்யும் ஊரில் இருந்த ஒருவரிடம் இருந்தது. அவர் ஆணா பெண்ணா, கிழவரா சிறுவரா, கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. அக்கா அகராதி வைத்துக்கொண்டு அவருக்கு எழுதினாள். அவரும் பொறுமையாகப் பதில் எழுதினார். முதல் முறை சேர்த்ததில் வந்த குட்டிகள் எல்லாம் சேற்று நிறம். நான் அழுதேவிட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் அக்கா. "நாலுல ஒண்ணுக்குத்தான் வாய்ப்பு. வரலன்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது. மறுபடியும் பார்க்கலாம்."

பாய் எங்கள் டிராகன்களைப் பல்லி என்றுதான் சொல்வார். நாங்கள் நுழையும்போதே, "வாங்க வாங்க, பல்லிங்க பசியில பேஜார் பண்ணிக்கினு இருக்குது" என்பார். அவருடைய சின்ன மகளும் சில நாள் எங்களோடு வந்து நின்று பார்ப்பாள்.

அத்தை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை கலவை என்ற ஊரில் இருந்தார். அவருடைய மூத்த மகன், எங்கள் அப்பா சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் சேர்ந்திருந்தார். நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அமைதியான மனிதர். அக்கா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். கெட்டவர் என்று அன்றும் நினைத்ததில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் வெயில் கொளுத்தியது. சென்டரில் மின்விசிறி சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை சேர்ப்பதற்குப் பனி ஊர்க்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது. அக்கா உதட்டை அசைத்து வாசித்தாள். "யுவர் ஃபீமேல் ஈஸ் சோ பியூட்டிஃபுல். மை மேல் ஈஸ் ரெடி." அதற்குக் கீழே, எப்போது சேர்க்கலாம் என்று கேட்டிருந்தார். அக்கா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டாள். அப்போதுதான் திரைச்சீலை விலகியது. அத்தை மகன் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டுவரச் சொல்லி அம்மா அனுப்பியிருக்கிறார். அவர் கண் திரையில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் அந்த வார்த்தைகள் புரியாத அளவுக்கு இல்லை.

"இன்னா இது?" என்றார்.

"நம்ம டிராகனுக்கு..." என்று அக்கா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அதற்குள் வெளியே போய்விட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டுத் தட்டுகள் அப்படியே இருந்தன. அத்தை மகன் இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவு ஓரத்தில் நின்றிருந்தார்.

"யாரு அவன்?" என்றார் அப்பா.

"எவன்பா?"

"உன்ன அழகுன்னு எழுதினவன்."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் தப்பாகிவிட்டது. "ஐயோ அப்பா, அது என்னைச் சொல்லல. எங்க பொண்ணு டிராகன சொல்றாங்க. அவங்ககிட்ட ஆண் இருக்குது. ரெண்டையும் ஒண்ணா விட்டா நீலக் குட்டி..."

"வாய மூடு. இதெல்லாம் பேசற பேச்சா?"

"நெஜம்தான்பா, நானும் பார்த்தேன்" என்றேன் நான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "சின்னதையும் கூடவே இட்டுக்கினு போனியா?" என்றார். உதவி செய்வதாக நினைத்து நான் சொன்னது அவளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டது.

மறுநாள் பாய் எங்கள் வீட்டு கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "சார், கொழந்தைங்க பல்லி வளத்தாங்க, அவ்ளோதான். டெய்லி நானே பார்க்கிறேன். என் பொண்ணும் கூட நிக்குது. தப்பா ஒண்ணும் இல்ல சார், அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"உங்க கடை பாய். நீங்க அப்டித்தான் சொல்லுவீங்க" என்றார் அப்பா.

பாய் திரும்பிப் போனார். அந்த வாரமே எல்லாத் தடுப்புகளின் திரைச்சீலைகளையும் கழற்றிவிட்டார் என்று பள்ளியில் சொன்னார்கள். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் சர்ச்.

அப்பாவைக் கோபக்காரர் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் வயதை நெருங்குகையில் வேறு மாதிரித் தெரிகிறது. அவர் பயந்தவர். கம்பெனியில் அவருக்குக் கீழே அத்தனை பெண்பிள்ளைகள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய பெயராவது கெட்டுப்போனால் டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பேச்சு எப்படி ஓடும் என்று தினமும் பார்த்தவர். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஆபீஸ் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று. அதற்குள்ளிருந்து ஒருவன் தன் மகளை அழகு என்கிறான் என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? ஒரே ஒரு தடவை சென்டருக்குள் வந்து அந்தத் திரையைப் பார்த்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. வந்தால், தான் பயந்தது உண்மையாகிவிடுமோ என்று நினைத்திருப்பார்.

அத்தை அடுத்த மாதமே கலவையிலிருந்து வந்தார். தட்டு நிறைய பழம், பூ, ஒரு டப்பா லட்டு. முன் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியப்பாவும் இருந்தார். அவருக்கு அத்தை ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி தின்றுகொண்டிருந்தார்.

"வெளிய போனா நாலு விதமா பேசுவாங்க. நம்ம பொண்ணு, நம்ம வீட்டுக்கே வந்துடட்டும்" என்றார் அத்தை. "ப்ளஸ் டூ முடிக்கட்டும். அப்புறம் வச்சிக்கலாம்."

அப்பா தலையாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "அத்தை, பெரியப்பாவுக்கு ஏன் காது கேக்கல?" என்று கேட்டாள்.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

"அது கர்த்தரோட சித்தம்மா" என்றார் அத்தை.

"ஆயாகிட்டயும் தாத்தாகிட்டயும் மறைஞ்சு இருந்திருக்கும் அத்தை. அப்பாகிட்டயும் இருக்கலாம், உங்ககிட்டயும் இருக்கலாம். எனக்கும் உங்க பையனுக்கும் வந்திருந்தா எங்க புள்ளைக்கு..." அப்பா முறைப்பதை அவள் பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை. "அந்த கேம்லகூட சொந்தத்துல சேர்க்க விட மாட்டாங்க."

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. "நாங்க இன்னா ஓணானா? எம்புள்ளைய குறையுள்ளவன்னு சொல்றியா? கம்ப்யூட்டர்ல உக்காந்து இதத்தான் கத்துக்கினியா?"

அப்பா எழுந்தார். "உள்ள போ" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா லட்டு டப்பாவின் மூடியைச் சரியாக மூடிக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்து இதை அவரிடம் கேட்டேன். "தெரியாம இல்ல. எத்தனையோ பேருக்கு நல்லாத்தான பொறக்குது, நமக்கும் பொறக்கும்னு நெனச்சேன்" என்றார். கூடவே, "உங்க அப்பாவோட வீட்டு ஆளுங்க முன்னால நான் அதச் சொல்லியிருக்க முடியுமா?" என்றும் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருக்கலாம்.

அக்கா ப்ளஸ் டூவில் பயாலஜியில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். வேலூர்ப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படிக்க வேண்டும் என்றாள். "படிச்சது போதும்" என்றார் அப்பா. அந்த மே மாதத்தில் எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம். வெள்ளைப் பட்டுப் புடவை, தலையில் நெட். போட்டோவில் நான் மட்டும்தான் அழுதுகொண்டிருக்கிறேன். அக்கா நேராக கேமராவைப் பார்க்கிறாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு தடவை அவளைக் கேட்டேன், "சேத்துக்காரிக்கு யாரு மீன் போடுவாங்க?" என்று. "சாவாதுடி. தூங்கிக்கினே இருக்கும்" என்றாள். பிறகு நான் காலேஜ் லேபிலிருந்து அந்தத் தளத்தைத் தேடிப் பார்த்தேன். பக்கமே இல்லை. பனி ஊர்க்காரர் எத்தனை நாள் தன் டிராகனைக் கூட்டில் விட்டுவிட்டு எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தாரோ.

ஆம்பூரிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அக்கா குடியிருந்தாள். அத்தையும் கலவையை விட்டு அவர்களோடு வந்துவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. அழகான குழந்தை, கொழுகொழுவென்று, எப்போதும் எதையாவது உற்றுப் பார்த்தபடி. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, இன்னா கொறைச்சல்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் அக்கா குழந்தையின் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். குழந்தை சில சமயம் திரும்பும். கையின் நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். வாசலில் காகித நட்சத்திரம். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. குழந்தை பாயில் உட்கார்ந்து ஜிகினாத்தாளோடு விளையாடிக்கொண்டிருந்தது. எதிரே சுவரோரம் பெரியப்பா. சமையலறையில் அத்தையின் கையிலிருந்து அண்டாவின் மூடி நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினோம். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

பெரியப்பாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் எங்கள் தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பியதை அவர் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் சத்தங்களைத் தெரிந்துகொண்டவர். திரும்பாத ஒரே தலையையும் பார்த்தார். எழுந்து குழந்தைக்குப் பின்னால் போய் நின்றார். கையைத் தட்டினார். சர்ச்சில் எல்லோரும் பாடும்போதுகூட, தாளம் தெரியாது என்று கை தட்டாத மனிதர். பலமாகத் தட்டினார். குழந்தை ஜிகினாத்தாளை வாயில் வைத்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும்.

"இன்னா பண்றாரு இவரு?" என்றார் அத்தை உள்ளேயிருந்து வந்து. "கொழந்த தூக்கக் கலக்கத்துல இருக்குது."

அக்கா அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். தன் நெஞ்சில் கை வைத்தார். பிறகு அதே கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. அக்கா அழவில்லை. குழந்தையைத் தூக்காமல், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் வந்தார். அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். அத்தானுக்கு, அதாவது அத்தை மகனுக்கு, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். கிடைத்தும் வரத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம். குழந்தையைச் சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமாங்க. என் தங்கச்சி பையன்" என்றார் அப்பா.

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். வட்டமும் சதுரமுமாகப் போட்டு, கோடுகளால் இணைத்தார். வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார். அப்பா பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கினார். "சில விஷயம் வெளியில தெரியாம..." என்று விளக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கமும் மறைஞ்சு இருந்திருக்கும் டாக்டர்" என்றாள் அக்கா. "அடுத்ததுக்கும் நாலுல ஒண்ணு வாய்ப்பு இருக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"ப்ளஸ் டூ."

"பயாலஜியா?"

"ஆமா. அதுக்கு முன்னாலயே ஒரு கேம்ல தெரிஞ்சுக்கினேன்."

அப்பா மேசைமேல் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை குழந்தையின் காலைப் பிடித்திருந்தது.

பஸ்ஸில் அக்கா முன் சீட்டில் குழந்தையோடு தூங்கிப்போனாள். அப்பா என் பக்கத்தில் இருந்தார். பள்ளிகொண்டா தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அன்னிக்கு அந்த கம்ப்யூட்டர்ல பார்த்தது இதத்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"அந்த ஆளு எழுதினது?"

"டிராகனுக்குத்தான்பா. பெண் டிராகன் அழகா இருக்குன்னு எழுதினாங்க."

ஆம்பூரில் இறங்கும்போது குழந்தையின் பையை அப்பா எடுத்துக்கொண்டார். படியில் அவர் கால் இடறியபோது கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

குழந்தையைப் பற்றி வருத்தப்பட்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் இப்போது வளர்ந்த பெண். படம் வரைவாள், வாயாடி. கையால் அவ்வளவு பேசுவாள். பெரியப்பா இருந்தவரைக்கும் அவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது எதற்கென்று எங்கள் யாருக்கும் தெரிந்ததில்லை. அத்தானும் கைப்பேச்சு கற்றுக்கொண்டார். ஒருமுறை என்னிடம், "அன்னிக்கு நான் ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருக்கணும்" என்றார். அக்காவிடம் அதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அப்பா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அங்கே இருந்தேன். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து, "கொழந்தைக்கு இப்டி ஆயிடுச்சேன்னு எம்மேல உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அவளுக்குக் காது கேக்கலன்னு எனக்கு வருத்தம் இல்லப்பா" என்றாள் அக்கா. "அவள மாதிரி யாருக்குக் கெடைக்கும்? நான் சொன்னப்போ உங்களுக்குக் கேக்கல. அதான்." பிறகு அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

என்னை அப்பா வேலூரில் கல்லூரியில் சேர்த்தார். அக்கா கேட்ட அதே கல்லூரி. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றபோதும் மறுக்கவில்லை. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டியவள் அக்காதான். என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின் அட்டையை வாசித்துவிட்டு உள்ளே வைத்தாள்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை மறுபடியும் வந்தார். அவருடைய இரண்டாவது மகனுக்கு ராணிப்பேட்டையில் நல்ல வேலை. பேச்சு எதை நோக்கிப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அத்தையும் முன்போல இல்லை. அடிபட்டவர்போல, கெஞ்சுகிற குரலில் பேசினார். "எல்லாருக்கும் அப்டியே ஆவுமா? இவ படிச்ச பொண்ணு. நம்ம வீட்டுக்குள்ளயே இருந்தா நல்லாருக்கும்னு பார்க்கிறேன்."

அப்பா என்ன சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

"பெரியவள கேளு" என்றார். "அவ இன்னா சொல்றாளோ அதான்."

அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனை வாயில் கடித்திருந்தாள். அதை எடுத்துவிட்டு அத்தையை நேராகப் பார்த்தாள். அவர் அவளுக்கு மாமியார். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்.

"வேணாம் அத்தை" என்றாள்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அப்பா, "சரி, காபி போடு" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு முடிந்தது. அக்கா ரிப்பனை மறுபடியும் எடுத்து முடிச்சுப் போட்டாள்.

அந்த வீட்டில் அவள் சொல் எடுபட்ட முதல் நாள் அது. எனக்காக எடுபட்டது. அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது.